பீலிக்கரை ரெகே

பெப்ரவரி 4, ஞாயிறு

சுதந்திர தினம். பாடசாலை மைதானத்தில் கொடி ஏற்றினேன். வட்டப்பாறைத் தேயிலைத் தோட்டம், மேல் டிவிசனுக்குத் தொழிற்சங்கத் தலைவர் நான். வருடா வருடம் நான்தான் ஏற்றுவது. சங்கத்தில் கொடுத்த டயரியை இன்றுதான் திறக்கிறேன். ஜனவரி முழுக்கச் சளியும் காய்ச்சலுமாகப் போய்விட்டது.

மத்தியான பஸ்ஸில் கிருபாகரன் வந்து இறங்கினான், செத்துப்போன தப்பு மேளக்காரர் மாரிமுத்துவின் மகன். ஹிக்கடுவையில் கடற்கரை ஹோட்டல்களில் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தவன். தலைமுடி கயிறு கயிறாகத் திரிந்து தோளில் தொங்குகிறது. எண்ணெய் கண்டு எத்தனை வருடமோ. கையில் ஒரு கிட்டார், கூடவே குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். கண்டக்டர் அதற்குத் தனியாக டிக்கெட் போட்டிருக்க வேண்டும்.

"வணக்கம் தலைவரே, சொகமா?" என்றான்.

"முடி வெட்ட டவுனுக்குப் போகலியா?" என்றேன்.

சிரித்தான். இப்படிச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் சுண்டுவிரல் கனத்துக்குத்தான் வருகிறது. பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

பெப்ரவரி 6, செவ்வாய்

பின்னேரம் அவன் அந்த ஸ்பீக்கரைத் தன் காம்பரா அறைக்கு வெளியே வைத்து வாசிக்கத் தொடங்கினான். எங்கள் லயத்தில் பன்னிரண்டு குடும்பம், எல்லாம் ஒரே கூரை, ஒரே சுவர். அங்கே அடித்தால் இங்கே தகரம் நடுங்குகிறது. இதற்குப் பெயர் ரெகேயாம். அடி விழ வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறான், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கிறான். மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இல்லாததுபோல இருக்கிறது.

புவனேஸ்வரி கொழுந்து எடுத்து வந்த களைப்பில் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இது ஒரு பாட்டா?" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு. நடக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் என் பெண்டாட்டி பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது இதுதான் முதல் தடவை.

பெப்ரவரி 9, வெள்ளி

ஏழெட்டுப் பெண்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், பீலியில் தண்ணீர் ஏன் இல்லை என்று கேட்டு. முன்னால் நின்றவள் யோகம்மா. அவளுக்கு வாய் பெரிது.

"மழ இல்ல. வறட்சி" என்றேன்.

"போன வருசமும் மழ இல்லதான். பீலி நிக்கலியே தலைவரே."

"போன வருச வறட்சி வேற, இந்த வருச வறட்சி வேற."

பொய் ஒன்றும் இல்லை. வறட்சிதான். மலையுச்சி ஊற்றிலிருந்து தொரை பங்களாவுக்குப் புதுக் குழாய் போட்டிருக்கிறார்கள், அதுவும் உண்மை. பழைய தொரை பங்களாவைக் கொழும்புக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்து, வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடமாக மாற்றியிருக்கிறது. அவர்களுக்கு நீச்சல் குளம் வேண்டுமாம். டிசம்பரில் தோட்டத்தை நடத்துகிற தொரை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், ஒரு மரியாதைக்குத்தான். நான் சரி என்று தலையசைத்தேன். இல்லை என்றிருந்தால் மட்டும் போடாமல் விட்டுவிடுவார்களா?

என் மகள் நிரோஷினிக்கு ஜனவரியில் அந்தப் பங்களாவில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. ஏ.எல். படித்தவள், நல்ல இங்கிலீஷ். தகுதியில் கிடைத்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பெப்ரவரி 10, சனி

கோழிக்கூட்டுக்குத் தகரம் அடித்தேன். விரலில் ஆணி.

பெப்ரவரி 14, புதன்

நிரோஷினி வேலை முடிந்து பங்களா ஜீப்பில் வருகிறாள். வரும்போது இரண்டு கேன் தண்ணீர் கொண்டு வருகிறாள். பங்களா மேனேஜர் திலங்க கொடுத்து அனுப்புகிறார், நல்ல மனிதர். இன்று ஜீப் வந்தபோது பீலியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கிருபாகரனைக் கூப்பிட்டு விசாரித்தேன். தலைவர் என்ற முறையில் என் கடமை.

"இது எந்த ஊரு பாட்டு?"

"ஜமேக்காண்ணே. நம்மள மாதிரி ஒரு தீவு. கரும்பு வெட்டுறதுக்கு ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல அள்ளிக்கிட்டு வந்த சனம். அவங்க பேரப்புள்ளைங்க பாடினது."

"நம்ம ஆளுகள யாரும் சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வரல."

"இல்லதான். ஆசை காட்டிக் கூட்டிட்டு வந்தாங்க. மன்னாருல எறக்கி காட்டு வழியா நடக்க விட்டாங்க. வழியில செத்தவங்களுக்குக் கணக்கு இருக்காண்ணே?"

எனக்கே சரித்திரம் சொல்ல வந்துவிட்டான். மே தினக் கூட்டங்களில் இதைப் பேசிப் பேசித் தொண்டை கட்டியவன் நான்.

"அந்தப் பாட்டு இங்க எதுக்கு?"

"அது எங்கதான் போகல? ஜப்பான்ல பாடுறாங்க. நியூசிலாந்துல காணிய பறிகொடுத்த சனம் பாடுது. ஹிக்கடுவையில பியர் குடிச்சிக்கிட்டு கேப்பாங்க. நானும் வருசக்கணக்கா சும்மா கடலோரப் பாட்டுன்னு நெனச்சித்தான் வாசிச்சேன். அப்புறம் ஒருத்தர் வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாரு. கேட்டதுக்கப்புறம் அந்த மாதிரி வாசிக்க முடியல. முதலாளியோட சண்ட. வந்துட்டேன்."

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன் எனக்குப் புத்தி சொல்கிறான். அவன் சட்டையில் அவனைப் போலவே முடி வளர்த்த ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது போல இருந்தது.

பெப்ரவரி 17, சனி

இப்போது தமிழிலேயே பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். பீலிக்கரையில் குடத்தோடு நிற்கிற நேரத்தில் பெண்கள் பாடுகிறார்கள். மாரிமுத்துவின் பழைய தப்பை யாரோ அடிக்கிறார்கள், கிருபாகரன் அந்த நொண்டி அடியில் கிட்டாரைச் சேர்க்கிறான். கேட்டவரை எழுதுகிறேன், சங்கத்துக்கு அறிக்கை அனுப்ப உதவும்:

மேல பொறந்த தண்ணி
கீழ எறங்க மாட்டேங்குது
யாரு புடிச்சா அது கைய
யாரு மறிச்சா அது வழிய
எறங்கு எறங்கு தண்ணியே
எங்க கொடம் காஞ்சு கெடக்குது

வார்த்தை ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. எவரும் எழுதலாம். தப்பும் அந்த அடியும் பொருந்தாது என்றுதான் நினைத்தேன். பொருந்துகிறது.

பெப்ரவரி 19, திங்கள்

காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதையே முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார்கள். தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"தலைவர், அந்தச் சத்தத்தை நிறுத்த முடியுமா, முடியாதா?"

"முடியும் தொரை."

பின்னேரம் நானும் கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் போய் ஸ்பீக்கரைத் தூக்கிக் கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டினோம். பாதுகாப்புக்காக. கிருபாகரன் தடுக்கவில்லை. "பாத்து தூக்குங்கண்ணே, முதுகு பிடிச்சிக்கும்" என்று மட்டும் சொன்னான். அவன் சொன்னது போலவே பிடித்துக்கொண்டது.

பெப்ரவரி 21, புதன்

ஸ்பீக்கர் இல்லாமல் பாடுகிறார்கள். முன்னைவிடச் சத்தம்.

பெப்ரவரி 22, வியாழன்

கோயில் அறைச் சாவியைக் காணவில்லை. அலமாரியில் என் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வெளி ஆள் யாரும் வரவில்லை. எங்கோ விழுந்திருக்கும். ஸ்பீக்கர் மறுபடியும் பீலிக்கரையில் நிற்கிறது.

பெப்ரவரி 23, வெள்ளி. பௌர்ணமி விடுமுறை

இன்று பாட்டில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

சவரம் செய்துகொண்டிருந்தேன். முதலில் கிட்டார், பிறகு தப்பு, பிறகு ஒரு பெண் தனியாக:

காத்து இல்ல, மரம் ஆடல
தலைவரு தலை மட்டும் ஆடுது

எல்லாரும் சேர்ந்து: ஆடுது, ஆடுது.

கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். வாசலுக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்கள். அந்தத் தனிக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. கொஞ்சம் கரகரத்த குரல், வரியின் முடிவில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. நிரோஷினி கைக்குழந்தையாக இருந்தபோது இந்த வீட்டில் அப்படி ஒரு குரல் தாலாட்டுப் பாடியது. பெண்களின் குரல் எல்லாம் ஒரே மாதிரித்தான்.

அந்த நேரத்தில் புவனேஸ்வரி வீட்டில் இல்லை. விறகுக்குப் போயிருந்தாள் போல. விறகு கொண்டு வரவில்லை.

பெப்ரவரி 27, செவ்வாய்

டவுனுக்குப் போனேன். முழங்கால் வலிக்குத் தைலம், கோழித்தீவனம், டோர்ச் பற்றரி. பொலிஸ் நிலையத்துக்கும் போனேன். தொரை ஏற்கனவே போன் பண்ணியிருந்தார். ஹிக்கடுவையிலிருந்து வந்திருக்கும் ஒருவரிடம் கஞ்சா இருக்கலாம் என்று சந்தேகம் என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த முடியைப் பார்த்தால் யாருக்கும் வருகிற சந்தேகம்தான்.

பெப்ரவரி 28, புதன்

விடியற்காலையில் பொலிஸ் வந்தது. கிருபாகரனின் காம்பராவைப் புரட்டிப் போட்டார்கள். அரிசியைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மார்ச் 1, வெள்ளி

விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் வந்தான். தலையில் ஒரு பக்கம் முடியே இல்லை. கத்தரிக்கோலால் இல்லை, ஏதோ கத்தியால் அறுத்தது போல இருக்கிறது. காதுக்கு மேலே காயம். மற்றப் பக்கத்தில் கயிறுகள் அப்படியே தொங்குகின்றன. அவன் அதை மறைக்கவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.

முடியை வெட்டச் சொல்லி நான் சொல்லவில்லை.

சாப்பிட உட்கார்ந்தேன். புவனேஸ்வரி சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போடவில்லை.

"பொலிசுல சொன்னது யாரு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"செவ்வாக்கிழம கோழித்தீவனம் வாங்க நீங்க போன கட, பொலிசுக்கு எதிர்ப்புறம்தானே இருக்கு."

"ஒரு கஞ்சாக்காரனுக்காக என்னய கேள்வி கேக்கிறியா?"

"கஞ்சா இருந்திச்சா?"

நான் தட்டை முன்னால் இழுத்தேன். சட்டியை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "போட்டுத் தின்னுங்க. ஒங்க கை ஆடலன்னா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யோகம்மாவின் காம்பராவில்தான் படுக்கையும். பக்கத்து லயம். ஊர் முழுக்கத் தெரியும்படி பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 2, சனி

சோறு குழைந்துவிட்டது. நிரோஷினி அதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனாள்.

மார்ச் 4, திங்கள்

ஜீப்பில் வந்த இரண்டு கேன் தண்ணீரையும் புவனேஸ்வரி வந்து எடுத்துப் போய், பீலிக்கரையில் கடைசியாக இருந்த குடங்களில் ஊற்றிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு கீழே ஆற்றுப் பள்ளத்துக்குப் போனாள். பாறை வழி. கொழுந்து எடுத்துவிட்டு வந்த காலோடு.

அது என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் செய்தது. வேறு காரணம் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

இன்றும் ஆற்றுக்குப் போயிருக்கிறாள். வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெண்கள்தான் லொறியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். எனக்குத் தகவல் சொன்னது கோயில் கணக்கர். ஊரில் கடைசியாகத் தெரிந்தது எனக்கு.

போனேன். கையில் மாக்கட்டு. வாட்டில் கட்டிலைச் சுற்றி நம்ம தோட்டத்துப் பெண்கள். நான் போனதும் எல்லாரும் எழுந்து தள்ளி நின்றார்கள். மரியாதைக்கு எழுந்தது போல இல்லை.

"வலிக்கிதா?"

"வலிக்காமயா."

"ஏன் அந்தப் பக்கம் போன? வீட்டுக்குத்தான் தண்ணி வருதே."

"அத கேட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு போன தோடம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கையால் இனி எத்தனை மாதம் கொழுந்து எடுக்க முடியாது என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

நல்ல செய்தி. மேனேஜர் திலங்க கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பெண்கள் தினமாம், பங்களாவில் இங்கிலாந்து விருந்தாளிகள் இருக்கிறார்களாம். தோட்டத்துப் பெண்கள் வந்து கும்மி, கோலாட்டம் ஆட வேண்டும். தேநீரும் கேக்கும் உண்டு. தொரையும் வருவார்.

யோகம்மாவிடம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று தயாராகப் போனேன். "சரி தலைவரே, வாறோம்" என்றாள். ஒரு சத்தம் இல்லை. புத்தி வந்துவிட்டது போல.

மார்ச் 8, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்.

ஐந்து மணிக்குப் பங்களாப் புல்வெளி. நீச்சல் குளம் நிறையத் தண்ணீர், நீல நிறம். ஒருவரும் குளிக்கவில்லை. விருந்தாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் பிரம்பு நாற்காலிகளில். தொரை நடுவில். நான் வெள்ளை வேட்டி கட்டி, தொரைக்குப் பக்கத்தில் நின்றேன். நிரோஷினி பங்களாச் சாரியில் தட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

பெண்கள் கோலாட்டக் கம்பு கொண்டு வரவில்லை. ஆளுக்கொரு வெறுங்குடம் கொண்டு வந்தார்கள். பின்னால் தப்பு. அதற்குப் பின்னால் கிருபாகரன், அறுபட்ட தலையோடு, கிட்டாரோடு. புவனேஸ்வரி முன்வரிசையில் நின்றாள், மாக்கட்டுக் கையைத் தூக்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டு.

திலங்க என்னைப் பார்த்தார். நான் தொரையைப் பார்த்தேன். அதற்குள் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நொண்டி அடி கேட்டதுமே விருந்தாளிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ரெகே" என்று ஒருவர் சொன்னார். அடுத்தவர் தோளை அசைத்தார். பெண்கள் வெறுங்குடத்தில் உள்ளங்கையால் தட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். திலங்கவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொரைக்குக்கூடக் கொஞ்சம் சிரிப்பு. சனியன் இத்தோடு தீர்ந்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

ஒரு அம்மா மட்டும் ஆடவில்லை. கறுப்பு இனத்தவர், எழுபது வயது இருக்கும், பெயர் டோரீன். பர்மிங்ஹாமில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். கையைக் கட்டிக்கொண்டு பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து இங்கிலீஷில் கேட்டார்:

"என்ன பாடுகிறார்கள்?"

சங்க வேலையில் எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் உண்டு. "உங்களை வரவேற்றுப் பாடுகிறார்கள். எங்கள் மலை அழகு, எங்கள் தண்ணீர் இனிப்பு என்று."

தண்ணீர் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவர் மறுபடியும் பெண்களைப் பார்த்தார். "என் அப்பா ஜமேக்காவில் பிறந்தவர். சனிக்கிழமைகளில் எங்கள் கராஜில் ஸ்பீக்கர் அடுக்கி இந்த மாதிரிப் பாட்டுத்தான் போடுவார். இதில் காதல் பாடுவார்கள், கடவுளைப் பாடுவார்கள், கோபத்தைப் பாடுவார்கள். எது எது என்று முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். இவர்கள் என்னை வரவேற்கவில்லை" என்றார். என்னை விட்டுவிட்டு நேராக நிரோஷினியிடம் போனார். "மகளே, நீ சொல். என்ன பாடுகிறார்கள்?"

நிரோஷினி தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் சொன்னேன், வேண்டாம் என்று. அந்த வேலை அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வரிக்கு வரி சொல்லத் தொடங்கினாள். பாடசாலையில் ஒப்புவிப்பது போல, நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. மேலே பிறந்த தண்ணீர் கீழே வரவில்லை. யார் அதன் கையைப் பிடித்தது. எங்கள் குடம் காய்ந்து கிடக்கிறது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பாட்டு நிற்கவில்லை. புவனேஸ்வரி தனியாக என் வரியை எடுத்தாள். அந்தக் குரல் அவளுடையதுதான். எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

நிரோஷினி அதையும் சொன்னாள். "காற்றே இல்லை, மரங்கள் அசையவில்லை, ஆனால் தலைவரின் தலை ஆடுகிறது."

"எந்தத் தலைவர்?" என்று டோரீன் கேட்டார்.

"அதோ நிற்கிறார். என் அப்பா. பாடுகிறது என் அம்மா. இந்தக் குளத்துத் தண்ணீர் எங்கள் பீலியில் வர வேண்டிய தண்ணீர்."

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரு வெள்ளைக்காரப் பெண் கையிலிருந்த தண்ணீர்க் கிளாசை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். தொரை எழுந்து ஜீப்புக்குப் போனார். போகும்போது என்னிடம், "யூஸ்லெஸ்" என்றார். இருபது வருடம் அவருக்கு முன்னும் பின்னும் நடந்தவனிடம்.

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 9, சனி

நிரோஷினியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாரியை மடித்து அயர்ன் பண்ணித் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"அவங்க கேட்டாங்க."

"ஒனக்காகத்தான் நான் எல்லாம் செஞ்சேன்."

"நான் கேட்டேனாப்பா?" என்றாள். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்கு ஒரு கையால தல சீவ முடியல" என்று சொல்லி, சீப்பை எடுத்துக்கொண்டு யோகம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

விருந்தாளிகள் எடுத்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டதாம். கம்பெனியிலிருந்து கொழும்புக்காரர்கள் வந்து ஊற்றைப் பார்த்தார்கள். சங்கத் தலைமைக் காரியாலயத்திலிருந்து எனக்குப் போன். உடம்பு சரியில்லாததால் பதவி விலகுவதாக நான் சொன்னதாக அவர்களே சொன்னார்கள். சரி என்றேன். போனில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் தலையசைத்தேன்.

மார்ச் 14, வியாழன்

பீலியில் தண்ணீர் வந்தது. பழைய கனம் இல்லை, பாதி. பெண்கள் சத்தம் போடவில்லை. வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு போனார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மார்ச் 16, சனி

கிருபாகரனின் காம்பராவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று எழுதத் தெரியவில்லை. தைலம் ஒரு போத்தல் மிச்சம் இருந்தது, காதுக் காயத்துக்கு ஆகும் என்று எடுத்துப் போனேன்.

மீதி முடியையும் மழித்துவிட்டிருந்தான். தலை சின்னப் பிள்ளையின் தலை போல இருந்தது. கிட்டாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"பொலிசுல நான்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்."

"முடிய வெட்டச் சொல்லல."

"அண்ணே, ஹிக்கடுவைக்குப் போன புதுசுல இந்த முடிய அழகுக்குத்தான் வளத்தேன். ஹோட்டல்காரனுக்கும் அது வேணும். ஸ்டேசன்ல அறுத்தப்பதான் அது என்னாத்துக்குன்னு தெரிஞ்சிச்சி. அங்க ஜமேக்காவுலயும் இப்பிடித்தான் பிடிச்சிப் பிடிச்சி அறுத்திருக்காங்க." கம்பியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒங்களோட சண்ட போட எனக்கு இப்ப நேரமில்ல. மன்னிக்கவும் முடியல. தைலத்த கொண்டு போங்க."

கொண்டு வந்தேன். இந்தப் பையன் என்னை அவமானப்படுத்திவிட்டான் என்று எழுத உட்கார்ந்தேன். வேறு எழுத்து வருகிறது.

மார்ச் 20, புதன்

புதுத் தலைவர் தெரிவு. புவனேஸ்வரி. மேல் டிவிசனுக்குப் பெண் தலைவர் இதுதான் முதல் தடவை. ஒரு கையால்தான் கும்பிட்டாளாம். நான் போகவில்லை. எனக்குக் கைப்பெட்டி ஒழுங்குபடுத்தும் வேலை இருந்தது.

மார்ச் 22, வெள்ளி

புவனேஸ்வரியும் நிரோஷினியும் மீதித் தண்ணீரைக் கேட்டுத் தொரையிடம் பேசப் போனார்கள். வருகிற வழியில் வீட்டுக்கு வந்தார்கள், புவனேஸ்வரியின் கம்பளிச் சட்டையை எடுக்க. நான் தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

"தொரை என்ன சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழம கூட்டத்துல சொல்வேன்."

"எனக்குச் சொல்லக் கூடாதா?"

"எல்லாருக்கும் சொல்றப்ப ஒங்களுக்கும்தான். வந்து கேளுங்க" என்றாள். சீனி கூடிப்போச்சு என்றும் சொன்னாள்.

மார்ச் 24, ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன். பாடசாலை மண்டபம். கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார்.

புவனேஸ்வரி மேசைக்குப் பின்னால் நின்று பேசினாள். குளத்துக்கு இனி மழைத் தண்ணீர்தானாம். ஊற்றுக் குழாயைக் கழற்ற ஏப்ரல் வரை தவணை கேட்டிருக்கிறார்கள். "தவணை கேட்டாங்க. நான் தலையாட்டல" என்றாள். மண்டபம் சிரித்தது. சிலர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

கடைசியில் கிருபாகரன் போனை அந்த ஸ்பீக்கரில் பொருத்தினான். ஹிக்கடுவையிலிருந்து அவனுடைய பழைய கூட்டாளிகள் அனுப்பியதாம். மீன்பிடிக்கிறவர்களின் கரையை ஏதோ ஹோட்டல் வேலி போட்டு அடைத்துவிட்டதாம், அந்த வேலிக்கு முன்னால் நின்று பாடியிருக்கிறார்கள். நம்ம மெட்டு. நம்ம அடி. சிங்கள வார்த்தைகள். தண்ணியே என்கிற இடத்தில் கடலே என்று வந்தது. பெண்கள் பாஷை புரியாமலே கூடப் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். என் வரி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தது. காற்று இல்லை, தென்னை ஆடவில்லை. அடுத்ததில் தலைவர் இல்லை. மந்திரி என்று பாடினார்கள். மந்திரியின் தலை ஆடுகிறது.

பக்கத்து வாங்கிலிருந்து யோகம்மா திரும்பி, "தலைவரே, அதுல என்னா சொல்றாங்க?" என்று கேட்டாள். அங்கே அவளுக்குச் சொல்லக்கூடியவர்கள் வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நிரோஷினி தூரத்தில் மேசையருகே நின்றாள்.

அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகு வரிக்கு வரி சொன்னேன். அந்த வரியையும் சொன்னேன்.